ஆகாயம் யாருக்குச் சொந்தம்?

அடக்குமுறை என்றதும் தடியும் துப்பாக்கியும் சிறைக்கதவுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு குரலை அடக்குவதற்கு இவை எப்பொழுதும் தேவைப்படுவதில்லை. குறித்த தேதியில் வந்து சேராத ஒரு கணக்குத்தாளும், அதன் மேல் ஓர் அதிகார சபை நிறைவேற்றும் தீர்மானமும் போதும். 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 14-ந் தேதி நள்ளிரவில் ஹங்கேரி தேசத்தின் தலைநகரான புடாபெஸ்டில் இது கண்கூடாயிற்று. அந்நகரில் 92.9 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசி வந்த 'கிளப் ராடியோ' என்னும் சுயேச்சையான ஒலிபரப்பு நிலையம் அன்றிரவோடு ஆகாயத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. மறுநாள் முதல் அது இணையத்தின் வழியே மாத்திரம் ஒலிக்கத் தொடங்கிற்று.

"இதனால் என்ன குடி முழுகிப் போயிற்று?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "பேசுகிறவர்கள் இன்னமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? கேட்க விரும்புகிறவர்கள் கைப்பேசியிலோ கம்ப்யூட்டரிலோ கேட்கலாமே? ஒரு நகரத்தின் எல்லைக்குள் கேட்ட குரல் இப்பொழுது உலகமெங்கும் கேட்கிறது. இதைத் தண்டனை என்பதா, உத்தியோக உயர்வு என்பதா?" இந்தக் கேள்வி சாமர்த்தியமானது. அதிகார வர்க்கத்தார் மட்டுமன்றி, சுதந்திரத்தில் உண்மையான பற்றுள்ளவர்கள் சிலரும் இதற்கு விடை கூறத் தெரியாமல் திகைக்கின்றனர். ஆதலின் இதைத் தீர விசாரிப்பது நம் கடமையாகிறது.

பெல்கிரேடின் முன்மாதிரி

ஆகாயத்தில் இடம் மறுக்கப்பட்டு இணையத்தில் அடைக்கலம் புகுந்த நிலையங்களில் உலகத்தின் கவனத்தை முதலில் ஈர்த்தது செர்பியாவின் தலைநகரான பெல்கிரேடில் இருந்த 'பி 92' என்பது. 1989-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி வாலிபர்களின் தாற்காலிக நிலையமாக அது தொடங்கிற்று. சில நாட்களுக்கென்று கொடுக்கப்பட்ட இடத்தை அது விடவேயில்லை. யுகோஸ்லாவியா துண்டு துண்டாகச் சிதறிப் பக்கத்து வீட்டார் பக்கத்து வீட்டாரைக் கொன்ற காலத்தில், யுத்த வெறிக்கு இடங்கொடாமல் செய்தி சொன்ன மிகச் சில நிலையங்களில் அது ஒன்று.

1996-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் செர்பியாவில் நடந்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களில் பெல்கிரேட் உள்ளிட்ட பல நகரங்களில் எதிர்க்கட்சிகள் வெற்றி பெற்றன. மிலோசெவிச்சின் சர்க்கார் அந்த வெற்றியை ஒப்புக்கொள்ள மறுத்தது. ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் எங்கே கூடுகிறார்கள், எவ்வழியே செல்கிறார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நாட்டுக்குச் சொன்னது பி 92. முதலில் அதன் ஒலியில் இரைச்சல் புகுத்தப்பட்டது. டிசம்பர் மாதம் 3-ந் தேதி ஒலிபரப்பே நின்றது.

அந்த நிலையத்தாரிடம் அப்பொழுது ஒரு சிறிய இணைய இணைப்பு இருந்தது. அதன் வழியாக ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஒரு கம்பெனியின் இயந்திரங்களுக்குத் தங்கள் ஒலியை அனுப்பினார்கள். அங்கிருந்து அது உலகெங்கும் கிடைத்தது. இரண்டே நாட்களில், டிசம்பர் 5-ந் தேதி, நிலையம் மறுபடியும் ஆகாயத்தில் பேசலாயிற்று. இடையில் ஒலி நின்றதற்குச் சர்க்கார் பக்கத்தார் கூறிய சமாதானம் வெகு விநோதமானது. கம்பிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம்!

இந்த வரலாற்றைச் சொல்லி "இணையம் இருக்கப் பயமேன்?" என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1996-ல் செர்பியாவில் வீட்டில் இணைய வசதி உள்ளவர்கள் மிகச் சிலரே. தெருவில் நின்ற பெருந்திரள் இணையத்தில் பி 92-ஐக் கேட்கவில்லை. இணையத்தில் வந்த செய்திகளை பி.பி.சி., வாய்ஸ் ஆப் அமெரிக்கா, ரேடியோ ப்ரீ யூரோப் போன்ற அன்னிய நிலையங்கள் எடுத்துத் தங்கள் அலைகளில் செர்பியாவுக்குத் திருப்பி அனுப்பின. அதாவது ஆகாயத்தை விட்டு விரட்டப்பட்ட குரல் கம்பி வழியே அன்னிய தேசம் சென்று, மறுபடியும் ஆகாய மார்க்கமாகவே வீடு திரும்பிற்று. அத்துடன், பனியில் நின்ற ஜனங்களின் நெருக்குதலும் வெளிநாட்டுச் சர்க்கார்களின் கண்டனமும் சேர்ந்தே தடையை நீக்கின. இணையம் ஒரு பாலமாக உதவியது. போய்ச் சேர வேண்டிய இடம் ஆகாயமாகவே இருந்தது.

இதற்கு மூன்றாண்டுக்குள்ளேயே மறுபக்கமும் தெரிந்துவிட்டது. 1999-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி, நேட்டோ நாடுகளின் குண்டுவீச்சு தொடங்கிய அன்று விடியுமுன் போலீஸார் பி 92-ன் ஒலிபரப்புக் கருவியைக் கைப்பற்றினர். தலைமை ஆசிரியர் வெரான் மாட்டிச் சில மணி நேரம் காவலில் வைக்கப்பட்டார். இணைய ஒலிபரப்பு மட்டும் இன்னும் சில நாள் தொடர்ந்தது. ஏப்ரல் 2-ந் தேதி போலீஸார் நிலையத்துக்குள்ளேயே புகுந்தார்கள். சர்க்காருக்கு இணக்கமான ஒரு புதிய நிர்வாகி நாற்காலியில் அமர்த்தப்பட்டார். பேசுகிறவனுடைய அறையும் மேஜையும் ஒலிவாங்கியும் பூமியின் மேல்தானே இருக்கின்றன? பூமியில் போலீஸ் இருக்கிறது. பழைய ஊழியர்கள் வேறு பெயரில், வேறு ஒரு நிலையத்தின் அலைவரிசையில், மறுபடியும் தலைதூக்கினர். 2000-ம் வருஷம் மே மாதத்தில் அதையும் சர்க்கார் பறித்துக் கொண்டது. அதே வருஷம் அக்டோபர் 5-ந் தேதி ஜனங்களின் எழுச்சியால் மிலோசெவிச்சின் ஆட்சி கவிழ்ந்த பிறகே பி 92 தன் பெயரையும் இடத்தையும் திரும்பப் பெற்றது.

வெற்றுத்தாளில் கையெழுத்து எங்கே?

பெல்கிரேடில் நடந்தது முரட்டு அடக்குமுறை. புடாபெஸ்டில் நடந்தது சட்டப் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தப்பட்டது. ஆகையால்தான் வக்கீல் தொழில் தெரிந்தவர்கள் அதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ரேடியோவின் மதிப்பை அறிந்த நகரம் புடாபெஸ்ட். 1956-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி மாணவர்கள் தங்கள் கோரிக்கைகளை ரேடியோவில் வாசிக்க வேண்டுமென்று கேட்டு அந்நகரின் வானொலிக் கட்டிடத்தின் முன் கூடினார்கள். ஹங்கேரியப் புரட்சியின் துப்பாக்கிச் சண்டை அந்த வாசலில்தான் மூண்டது. ஓர் அறிக்கையை ஆகாயத்தில் வாசிப்பது உயிரைக் கொடுத்தும் பெறத்தக்க பாத்யதை என்று அன்றைய வாலிபர்கள் கருதினார்கள்.

கிளப் ராடியோ பேச்சுக்கும் செய்திக்குமாக ஏற்பட்ட நிலையம். அங்கே ஜ்யோர்ஜி போல்கார் என்னும் பத்திரிகையாளர் நடத்தி வந்த நிகழ்ச்சிக்குப் 'பேசித் தீர்ப்போம்' என்று பொருள்படும் பெயர். நேயர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். தங்களுக்குத் தோன்றியதைச் சொல்வார்கள். அவர் பதில் சொல்வார். ஊரார் கூடிப் பேசும் ஆலமரத்தடி என்றே அதைச் சொல்லலாம். 2010-ம் வருஷம் விக்டர் ஓர்பானின் கட்சி மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட பெரும்பான்மையுடன் பதவிக்கு வந்தது. அவ்வருஷமே புதிய ஊடகச் சட்டம் இயற்றப்பட்டது. அலைவரிசைகளை வழங்கவும் மறுக்கவும் ஐந்து அங்கத்தினர் கொண்ட ஒரு சபை ஏற்பட்டது. அந்த ஐவரையும் ஒன்பது வருஷ காலத்திற்குத் தேர்ந்தெடுத்தது பார்லிமெண்டிலிருந்த ஆளுங்கட்சிப் பெரும்பான்மை. பெயர் சுயேச்சையான சபை. பிறப்பு ஒரே கட்சியின் கையில்.

அதன் பிறகு கிளப் ராடியோவுக்கு நேர்ந்தது, வேண்டாத மருமகள் கைபட்டாலும் குற்றம் கால்பட்டாலும் குற்றம் என்ற கதைதான். சர்க்கார் விளம்பரங்கள் நின்றன. வெளியூர்களில் அதற்கிருந்த அலைவரிசைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. 92.9 மெகாஹெர்ட்ஸுக்காக அது கொடுத்திருந்த விண்ணப்பம் செல்லாது என்பதற்குச் சபை கூறிய காரணம் சட்ட சரித்திரத்தில் இடம்பெறத்தக்கது. எழுத்தொன்றும் இல்லாத வெற்றுப் பக்கங்களில் நிலையத்தார் கையொப்பமிடவில்லை என்பதே அது! ஹங்கேரிய நீதிமன்றங்கள் அப்பொழுது நிலையத்தின் பக்கமே தீர்ப்பளித்தன. பல வழக்குகளுக்குப் பின் 2013-ல் அந்த அலைவரிசை கிடைத்தது. 2014-ம் வருஷம் பிப்ரவரி முதல் ஏழு வருஷத்துக்கு அனுமதி.

ஏழு வருஷம் முடியும்போது, புதிய ஏலமில்லாமல் ஒரு முறை அனுமதியை நீட்டிக்கலாம் என்பது சட்டம். 2020-ம் வருஷம் செப்டம்பரில் சபை அதற்கு மறுத்தது. நிலையம் செய்த குற்றம் யாது? பொய்ச் செய்தியா, கலகத் தூண்டுதலா? இல்லை. எத்தனை பங்கு ஹங்கேரிய சங்கீதம் ஒலிபரப்பப்பட்டது முதலிய விவரங்களைத் தெரிவிக்கும் கணக்கை இரண்டு முறை காலந்தாழ்த்திக் கொடுத்ததாம். ஒரே தவறு இரண்டு முறை நடந்தால் புதுப்பித்தல் இல்லை என்பது விதி. 2021 பிப்ரவரி 9-ந் தேதி புடாபெஸ்ட் நீதிமன்றம் சபையின் முடிவு செல்லும் என்றது. ஐந்தாம் நாள் இரவு ஆகாயம் பறிபோயிற்று. அதே அலைவரிசைக்கான ஏலத்தில் நிலையம் மறுபடியும் விண்ணப்பித்தது. மார்ச் மாதத்தில் சபை அந்த விண்ணப்பத்திலும் குறை கண்டு தள்ளிவிட்டது.

விதி விதிதானே, மீறியவன் அநுபவிக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். விதியை மீறக்கூடாது என்பதில் நமக்கு அபிப்பிராய பேதமில்லை. ஆனால் குற்றத்துக்கும் தண்டனைக்கும் ஒரு பொருத்தம் இருக்க வேண்டும் என்பது நீதியின் அரிச்சுவடி. தீர்வை கட்ட நாலு நாள் தாமதித்தவனுக்கு வட்டியோ அபராதமோ விதிக்கலாம். நிலத்தையே பறிமுதல் செய்வது எந்த ஊர் நியாயம்? ஐரோப்பிய கமிஷனும் இதையே கூறிற்று. ஹங்கேரி விதித்த நிபந்தனைகள் அளவுக்கு மிஞ்சியவை, ஒளிவுமறைவு உள்ளவை, பாரபட்சமாகக் கையாளப்பட்டவை என்று குற்றஞ்சாட்டி 2022-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு விவகாரத்தைக் கொண்டு சென்றது. 2025-ம் வருஷம் ஜூலையில் அந்நீதிமன்றத்தின் அட்வகேட் ஜெனரல், ஹங்கேரி ஐரோப்பியச் சட்டத்தை மீறியது என்ற தமது அபிப்பிராயத்தைத் தெரிவித்தார். அந்த அபிப்பிராயம் வெளிவந்த நாளில், நிலையம் ஆகாயத்தை இழந்து நாலு வருஷமும் நாலரை மாதமும் ஓடிவிட்டன. இதற்கிடையில் 2022-ம் வருஷத்துப் பொதுத் தேர்தலும் நடந்து முடிந்துவிட்டது. தேர்தலுக்கு முன் கேட்க வேண்டிய குரலைத் தேர்தலுக்குப் பின் நியாயம் என்று சொல்வதால் யாருக்கு லாபம்?

தேடாத காது

இனி, முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இணையத்தில் பேச முடிகிறபோது ஆகாயம் எதற்கு?

ரேடியோ அலையின் தன்மையை முதலில் பார்ப்போம். ஒரு கோபுரத்திலிருந்து அலை புறப்பட்டுவிட்டால், அதை நூறு பேர் கேட்டாலும் பத்து லக்ஷம் பேர் கேட்டாலும் நிலையத்துக்கு ஆகும் மின்சாரச் செலவு ஒன்றே. கேட்பவனுக்கு வேண்டியது ஒரு சிறு பெட்டியும் ஒன்றிரண்டு பாட்டரிகளும். மாதச் சந்தா இல்லை. எவன் கேட்கிறான், எவ்வளவு நேரம் கேட்டான் என்பது நிலையத்துக்கும் தெரியாது, சர்க்காருக்கும் தெரியாது. ஏழையின் குடிசையிலும் மந்திரியின் மாளிகையிலும் அது ஒரே மாதிரி ஒலிக்கும்.

இணையத்தின் தன்மை வேறு. அங்கே ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனியே ஓர் ஓடை போக வேண்டும். நல்ல ஒலிக்கு வினாடிக்கு 128 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் ஒரு மணி நேரம் கேட்பதற்குச் சுமார் 58 மெகாபைட் செலவாகிறது. பதினாயிரம் பேர் கேட்டால் மணிக்கு 580 கிகாபைட்டை நிலையம் அனுப்ப வேண்டும். ஆகவே கேட்பவர்கள் பெருகப் பெருக நிலையத்தின் செலவும் பெருகுகிறது. கேட்பவரும் தம் பங்குக்கு இணைய இணைப்புக்குப் பணம் கட்ட வேண்டும். மேலும், ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு விலாசம் உண்டு. இன்ன விலாசக்காரர் இன்ன நேரத்தில் இன்ன நிலையத்தைக் கேட்டார் என்ற குறிப்பு எங்கேனும் ஓர் இயந்திரத்தில் பதிவாகக் கூடும். அச்சமில்லாத நாட்டில் இது அற்ப விஷயம். அச்சமுள்ள நாட்டில் இதுவே பலரைத் தடுத்து நிறுத்தப் போதும்.

ஆயினும் பணமும் அச்சமும் இரண்டாம்பட்சமே. பெரிய நஷ்டம் வேறொன்று. மோட்டார் ஓட்டிக்கொண்டு போகிறவர், சமையலறையில் வேலை செய்கிற பெண், கடையில் உட்கார்ந்திருக்கும் வியாபாரி ஆகிய இவர்கள் பாட்டு வேண்டுமென்று குமிழைத் திருப்புகிறார்கள். திருப்பும் வழியில் ஒரு பேச்சு காதில் விழுகிறது. தாங்கள் இதுவரை கேளாத ஒரு நியாயம்; தங்கள் கட்சிக்கு விரோதமான ஒரு விவரம். கோபம் வருகிறது, ஆனாலும் இரண்டு நிமிஷம் கேட்கிறார்கள். மறுநாளும் கேட்கிறார்கள். அபிப்பிராயங்கள் இப்படித்தான் மாறுகின்றன. ஜனநாயகம் என்பதே இந்த எதிர்பாராத சந்திப்புகளின் மேல் எழுப்பிய கட்டிடம்.

இணையத்தில் இந்தச் சந்திப்பு அரிது. அங்கே நிலையத்தின் பெயரை அறிந்தவன் தேடிப் போகிறான். ஏற்கனவே உடன்பாடு உள்ளவனே பெரும்பாலும் தேடுகிறான். மற்றவர்களுக்கு எதைக் காட்டுவது என்பதை எங்கோ உள்ள பெரிய கம்பெனிகளின் கணக்கு இயந்திரங்கள் தீர்மானிக்கின்றன. எனவே கிளப் ராடியோவை இணையத்துக்கு விரட்டியவர்கள் அதன் வாயை மூடவில்லை என்பது மெய்யே. அது அவர்களுக்கு அவசியமும் இல்லை. தேடாத காதில் அதன் சொல் விழாமற் செய்வதே போதுமானது. பக்தர்கள் கூடியிருக்கும் மடத்துக்குள் ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் உபந்நியாசம் செய்யட்டும், சந்தைக்கடையில் மாத்திரம் பேசக்கூடாது என்பதே இதன் தாத்பரியம். பேசுகிறவனுடைய சுதந்திரத்தைக் காட்டிலும் கேட்கிறவனுடைய சுதந்திரமே இங்கே பறிக்கப்பட்டிருக்கிறது. தனக்கு எது பறிபோயிற்று என்று அவனுக்குத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

அடைக்கலத்துக்கும் பூட்டு உண்டு

இணையம் எந்தச் சர்க்காருக்கும் எட்டாத கோட்டை என்று நம்புகிறவர்கள் ருஷியாவைப் பார்க்கட்டும். 'மாஸ்கோவின் எதிரொலி' என்ற நிலையம் 1990-ம் வருஷம் ஆகஸ்டு 22-ந் தேதி பேசத் தொடங்கிற்று. சோவியத் ஆட்சியின் அந்திமக் காலத்தில் பிறந்து, முப்பது வருஷங்களுக்கு மேல் பல கட்சியாரையும் அழைத்துப் பேச வைத்த நிலையம் அது. உக்ரெய்ன் மீது படையெடுப்பு தொடங்கிய ஒரு வாரத்திற்குள், 2022 மார்ச் 1-ந் தேதி, அது ஆகாயத்திலிருந்து அகற்றப்பட்டது. அதன் இணையதளமும் உடனே முடக்கப்பட்டது. 3-ந் தேதி நிலையத்தையே கலைத்துவிட அதன் டைரக்டர்கள் தீர்மானித்தார்கள். அந்த டைரக்டர் சபையில் பெரும்பான்மைப் பங்குக்காரர் சர்க்கார் சார்புள்ள ஒரு கம்பெனி. அது பேசி வந்த அலைவரிசை சில நாட்களில் சர்க்காரின் பிரசார நிலையமொன்றுக்குக் கொடுக்கப்பட்டது.

ஊழியர்களில் பலர் யூடியூபில் புதுப்பெயரில் பேசலானார்கள். லக்ஷக்கணக்கானோர் கேட்டார்கள். ஆனால் 2024-ம் வருஷத்தில் ருஷியாவுக்குள் யூடியூபின் வேகமே பெரிதும் குறைக்கப்பட்டுவிட்டது. படம் அசைவதற்குள் பார்ப்பவனுடைய பொறுமை போய்விடும். ஒரு நிலையத்தைத் தடை செய்தோம் என்ற அவப்பெயர் கூட இதில் இல்லை. கம்பிக்குள் தண்ணீர் புகுந்தது என்று பெல்கிரேடில் கூறிய சமாதானத்துக்கும், இயந்திரங்கள் பழுதாகிவிட்டன என்று மாஸ்கோவில் கூறப்பட்ட சமாதானத்துக்கும் இடையில் இருபத்தெட்டு வருஷம், பாஷை ஒன்றே.

பொதுக்கிணறு

இங்கே ஓர் ஆட்சேபத்துக்கு விடை சொல்ல வேண்டும். ஆகாய அலைகள் அளவுக்குட்பட்டவை. ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் இருவர் குரலும் கேளாது. ஆகையால் யாராவது ஒருவர் பங்கிட்டுத்தான் ஆகவேண்டும் என்பர். மறுப்பில்லை. ஆனால் பங்கிடுகிறவன் சொந்தக்காரன் ஆகிவிட மாட்டான். ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு முறை வைத்து நீர் விடும்படி ஒருவனை நியமிக்கிறோம். அவன் தனக்குப் பிடிக்காத வீட்டாரைப் பார்த்து, "நீ குடத்தை நேராகப் பிடிக்கவில்லை; இனி உனக்கு நீர் கிடையாது; வேண்டுமானால் உன் கொல்லையில் கிணறு வெட்டிக்கொள்" என்றால் ஊரார் பொறுப்பார்களா? அந்த வீட்டார் சிரமப்பட்டுக் கொல்லையில் கிணறு வெட்டி நீரும் கண்டுவிட்டால், அது அவர்களுடைய உழைப்புக்குப் பெருமை. முறைக்காரன் செய்த அநியாயம் அதனால் நியாயமாகிவிடாது. பொதுக்கிணற்றில் அவர்களுக்குள்ள பாத்யதையும் அற்றுப்போகாது.

இது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய தத்துவம் அன்று. ஆகாய அலைகள் பொதுச்சொத்து, அவற்றைச் சர்க்காரின் பிடியிலிருந்து விடுவித்து ஒரு சுயேச்சையான பொது அதிகார சபை நிர்வகிக்க வேண்டும் என்று நமது சுப்ரீம் கோர்ட்டே 1995-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஆட்டமொன்றின் ஒளிபரப்பைப் பற்றி எழுந்த வழக்கில் பிறந்த தீர்ப்பு அது. அதற்குப் பதினாறு வருஷம் கழித்து, 2011-ல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, தனியார் எப்.எம். நிலையங்கள் ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை எழுத்து மாறாமல் அஞ்சல் செய்யலாம்; சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. மணிக்குப் பத்து நிமிஷம் செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் டிராய் சபை சிபாரிசு செய்தது. பொதுச்சொத்து என்று கோர்ட் சொன்ன ஆகாயத்தில் பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் இடம் கொடுத்து, செய்திக்கு மட்டும் கதவடைத்த இந்த ஏற்பாட்டை நினைக்கும்போது, புடாபெஸ்டைப் பார்த்து நகைப்பதற்கு நமக்கு அதிக உரிமை இல்லை என்பது விளங்கும்.

செய்ய வேண்டுவன

இணையத்துக்குச் சென்ற நிலையங்களைக் குறை கூறுவது நம் கருத்தன்று. அவர்கள் செய்தது வீரம். பெரிய விளம்பரங்கள் ஏதுமின்றி, நேயர்கள் மனமுவந்து அனுப்பிய காசைக் கொண்டு கிளப் ராடியோ தன் குரலைக் காப்பாற்றிற்று. பெல்கிரேடிலோ புடாபெஸ்டிலோ பிறந்து வெளிநாடுகளில் பிழைக்கச் சென்றவர்கள் தாய்மொழியில் தாய்நாட்டுச் செய்தியைக் கேட்க முடிந்ததும் இணையத்தின் புண்ணியமே. வெள்ளத்தில் வீட்டை இழந்தவன் மேட்டில் ஏறி நிற்பது விவேகம். அதற்காக மேட்டையே வீடு என்று பட்டயம் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

நாம் வற்புறுத்துவது நான்கு விஷயங்கள். ஒன்று: அலைவரிசை வழங்கும் சபையில் ஒரே கட்சியின் கை ஓங்கலாகாது, எதிர்க்கட்சியின் சம்மதமும் பெற்றவர்களே அதில் அமர வேண்டும். இரண்டு: கணக்குத் தாமதம் போன்ற காரியாலயக் குற்றங்களுக்கு அபராதம் போதும், அவற்றின் பேரில் ஒரு நிலையத்தின் உயிரை வாங்கும் அதிகாரம் எவருக்கும் இருக்கக் கூடாது. மூன்று: புதுப்பித்தல் மறுக்கப்பட்டால், மேல் கோர்ட்டின் கடைசித் தீர்ப்பு வரும்வரை நிலையம் உள்ளபடியே பேச வேண்டும். வழக்கு நடக்கையில் வாதியை வீதியில் நிறுத்திவிட்டு, நாலு வருஷம் கழித்து அவன் பக்கமே நியாயம் என்று கூறுவது கேலி. நான்கு: தனக்கு ஒவ்வாத அபிப்பிராயத்தைச் சொல்லும் நிலையத்துக்கு ஆபத்து வரும்போது நேயன் வாய்திறக்க வேண்டும்.

இந்த நான்காவதே எல்லாவற்றிலும் கடினமானது. நமக்குப் பிடித்த நிலையம் மூடப்பட்டால் நாம் கூச்சலிடுவோம். நமக்குப் பிடிக்காத நிலையம் ஒரு காகிதக் குற்றத்துக்காக மூடப்படும்போது, "சட்டம் தன் கடமையைச் செய்கிறது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறோம். அதிகார வர்க்கம் எதிர்பார்ப்பது அந்தத் தூக்கத்தைத்தான். 1956-ல் புடாபெஸ்ட் வானொலி வாசலில் நின்ற மாணவர்கள் கேட்டது, தங்களைச் சேர்ந்தவர்கள் மட்டும் கேட்கக்கூடிய ஒரு மூலையை அல்ல. தேசத்தார் அனைவரும் கேட்கும் இடத்தில் தங்கள் சொல் ஒலிக்க வேண்டுமென்றே அவர்கள் கேட்டார்கள். அதற்குக் குறைந்த எதையும் சுதந்திரம் என்று பெயரிட்டு நாம் ஏற்றுக்கொள்ளலாகாது.